கலைச்சொல் விவாதம்: ‘வாசகக் கலை அஞ்சலட்டை’

அனைவருக்கும் வணக்கம். சொற்களையே படைப்பாகக் கொண்ட கலை இடம்பெறும் அஞ்சலட்டையை ‘வாசகக் கலை அஞ்சலட்டை’ என்று அழைக்கலாம் என்பது என் கருத்து. இது குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

> ‘உரைசார் கருத்தியல் கலை அஞ்சலட்டை’ என்று வைத்துக்கொள்ளலாமே?

இதில் இரண்டு சொற்களை என்னால் ஏற்க முடியவில்லை. ‘கருத்தியல்’ இன்று அரசியல் கொள்கையைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. ‘கருத்தியல் கலை’ என்றால் பிரசாரக் கலை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். பொருளைவிடக் கருத்தே முதன்மையான அந்தக் கலைக்குக் ‘கருத்துருக் கலை’ என்ற பெயர் போதும். ‘உரை’ என்றதும் பரிமேலழகர் நினைவுக்கு வருகிறார்: மூலம் ஒன்று, அதை விளக்கும் உரை ஒன்று. இந்தக் கலையிலோ சொல்லே மூலம். ‘எழுத்துக் கலை’ என்றாலும் அழகெழுத்தாகிவிடும்.

ஆகவே ‘வாசகம்’. சுவரொட்டியிலும் கல்வெட்டிலும் படிப்பதை வாசகம் என்றுதானே சொல்கிறோம்? அமெரிக்கக் கலைஞர் ஜென்னி ஹோல்சர் 1970களின் இறுதியில் நியூயார்க் தெருக்களில் ஒட்டிய ஒற்றை வரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

> அப்படியானால் ‘வாசகக் கலை நகலட்டை’? அருங்காட்சியகத்தில் விற்பது நகல்தானே.

இந்தக் கேள்வி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. அமெரிக்கக் கருத்துருக் கலைஞர் ஜோசப் கொசுத்தின் ‘ஒன்றும் மூன்றுமான நாற்காலிகள்’ (1965) படைப்பில் ஒரு நாற்காலி, அதன் புகைப்படம், அந்தச் சொல்லுக்கான அகராதி விளக்கம் ஆகியவை இருக்கும். அதை அட்டையில் அச்சிடுங்கள். நாற்காலி படமாகிவிடும். புகைப்படமோ புகைப்படத்தின் புகைப்படமாகும். விளக்கம் மட்டும், படிக்க முடிகிறவரை, விளக்கமாகவே இருக்கும். சொல் அச்சேறினால் நகலாகிவிடுவதில்லை. படைப்பை உருவாக்கியே தீர வேண்டியதில்லை என்று இன்னொரு கருத்துருக் கலைஞரான லாரன்ஸ் வீனர் 1968இல் அறிவித்ததும் இதை ஒட்டியதுதான்: சொல்லே படைப்பாக நிற்கும். ‘நகல்’ வேண்டாம்.

> சுருக்கமாக ‘வாசக அட்டை’ போதாதா?

போதாது. பிரெஞ்சுக் கலைஞர் பென் வோத்தியே 1965இல் இருபுறமும் முகவரிக் கோடுகள் கொண்ட அட்டை ஒன்றை அச்சிட்டார். இரண்டு பக்கமும் வெவ்வேறு முகவரி எழுதிப் போட்டால், எங்கே சேர்ப்பது என்பதைத் தபால்காரர்தான் முடிவுசெய்ய வேண்டும். அஞ்சலில் சேராதவரை அந்தப் படைப்பு முழுமை பெறாது. ‘அஞ்சல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் அதன் உயிரே போய்விடும்.

> ‘வாசகக் கலை’ என்பது வாசகரின் கலை, வாசிக்கும் கலை என்று மயங்காதா?

திருவாசகத்தை யாரும் அப்படி மயங்கிப் படித்ததில்லை. தொடக்கத்தில் சிறு தடுமாற்றம் இருக்கலாம், புழங்கப் புழங்கச் சரியாகிவிடும்.

ஒரு வேண்டுகோள். இந்தக் கலைச்சொல்லுக்கான பதிவின் விளக்கத்தில் ‘முன்பக்கம்’, ‘பின்பக்கம்’ என்று எழுத வேண்டாம். ஜப்பானியக் கலைஞர் ஓன் கவாரா 1968 முதல் 1979 வரை நாள்தோறும் இரண்டு அட்டைகளை அனுப்பினார். ஒருபுறம் கடையில் கிடைக்கும் சுற்றுலாப் படம். மறுபுறம், முகவரியோடு, தாம் எழுந்த நேரம் ரப்பர் முத்திரையில். படைப்பின் வாசகம் முழுவதும் நாம் ‘பின்பக்கம்’ என்று ஒதுக்கும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ‘படப் பக்கம்’, ‘முகவரிப் பக்கம்’ என்றே குறிப்போம்.