21 மைல் வளைவில் வண்டி வெளியே ஓடுகிறது, ஃபோர்க்கை ஏற்றியதும் ஹேண்டில் உதறுகிறது: என்ன செய்யலாம்?

மலைப்பாதை (மண்டலே)

அனைவருக்கும் வணக்கம். வாரத்தில் இரண்டு நாள் ஜேஜோ சந்தையில் துணி எடுத்துக்கொண்டு பியின் ஊ லுவின் போய்க் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவேன். எங்கள் தாத்தாவுக்கு அந்த ஊர் இன்றைக்கும் மேமியோதான். போக 40 மைலுக்குக் கொஞ்சம் மேல். வண்டி 150 சிசி, பின்னால் ஒற்றை ஷாக், பழைய வண்டியாக வாங்கி எட்டு மாதம் ஆகிறது.

வழியில் 21 மைல் என்ற இடத்தின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டி உள்ளே திரும்ப மறுக்கிறது. ஹேண்டிலை அழுத்திப் பிடித்தாலும் அகலமாகவே ஓடுகிறது. வலது வளைவு என்றால் எதிரே இறங்கி வரும் லாரியின் தடத்துக்கே போய்விடுகிறேன். பிரேக் சூடாகாமல் இருக்க லாரிக்காரர்கள் தண்ணீர் விட்டுக்கொண்டே வருவதால் அந்தப் பக்கம் எப்போதும் ஈரமாக இருக்கும். இரண்டு முறை சக்கரம் அந்த ஈரத்தில் ஏறிவிட்டது.

ஒரு பட்டறையில் சொன்னேன். ஃபோர்க் குழாயை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயை, 10 மி.மீ. மேலே ஏற்றினால் சரியாகும் என்று அங்கேயே செய்து கொடுத்தார்கள். ஏறும்போது கொஞ்சம் தேவலை. ஆனால் இறங்கும்போது, 70 கி.மீ. வேகத்தில், சின்னப் பள்ளத்தில் விழுந்து எழுந்தால் ஹேண்டில் இடமும் வலமுமாக உதறுகிறது. போன வாரம் உதறியதில் வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. இன்னும் 5 மி.மீ. ஏற்றிப் பார்க்கட்டுமா, பழையபடி வைத்துவிடட்டுமா?

பெகு பையன்

அண்ணே, ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். குழாயை மேலே ஏற்றினால் வண்டியின் முன்பக்கம் கீழே இறங்கும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நான் என் வண்டியில் 8 மி.மீ. ஏற்றி ஒரு வருடமாக ஓட்டுகிறேன், உதறலே கிடையாது. 10 ஒன்றும் பெரிய அளவு இல்லை. டயரைப் பாருங்கள், காற்றைப் பாருங்கள்.

பட்டறை அண்ணன் (மோல்மேன்)

தம்பி, இன்னும் ஏற்ற வேண்டாம். முதலில் நான்கு விஷயம் சொல்லுங்கள். ஏறும்போது எவ்வளவு சுமை, எங்கே கட்டுகிறீர்கள்? இறங்கும்போது வண்டி காலியா? இரண்டு குழாயும் ஒரே அளவு ஏறியிருக்கிறதா? வெர்னியர் வைத்து, மூடியிலிருந்து இல்லாமல் குழாயின் விளிம்பிலிருந்து, குழாய்களைக் கவ்விப் பிடிக்கும் மேல் பிளேட் வரை அளக்க வேண்டும். கடைசியாக, முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் எங்காவது சிக்கிக்கொண்டு நிற்கிறதா?

மலைப்பாதை

அண்ணே, சுமை 25 வீசை இருக்கும், கிட்டத்தட்ட 40 கிலோ. சீட்டுக்குப் பின்னால் கேரியரில் ஒரே மூட்டையாகக் கட்டுவேன். இறங்கும்போது காலி.

அளந்தேன். இடது 10, வலது 13. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஹேண்டில் நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுகிற மாதிரி லேசாக நிற்கிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது: முன் மட்கார்டின் உச்சியில் பிறை வடிவில் பெயிண்ட் உரிந்து தகரம் பளபளக்கிறது. கீழ் பிளேட்டின் அடியிலும் அதே கறுப்புப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது.

பட்டறை அண்ணன் (மோல்மேன்)

மட்கார்டைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. ஃபோர்க் முழுசாக அமுங்கும்போது மட்கார்டு கீழ் பிளேட்டில் இடித்திருக்கிறது. குழாயை 10 ஏற்றினால் சக்கரம் பிளேட்டுக்கு 10 கிட்டே வந்துவிடும். கம்பெனி விட்டிருந்த இடைவெளியை அப்படியே தின்றாகிவிட்டது. பள்ளத்தில் பிரேக் பிடித்தபடி விழுந்தால் சக்கரமே மாட்டிக்கொள்ளலாம். இன்றைக்கே பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது காரணம். ஏறும்போது சுமையோடு வெளியே ஓடுகிறது, இறங்கும்போது காலியாக உதறுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இது இரண்டு வேறு வண்டி மாதிரி.

ஹேண்டில் தண்டின் கோட்டைத் தரை வரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் விழும். அந்த இடைவெளிதான் ட்ரெயில். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் இழுக்கிற பக்கமே திரும்பிப் பின்னால் வருவது இதனால்தான். ட்ரெயில் அதிகமானால் வண்டி நேராகப் போகவே ஆசைப்படும், திருப்ப பலம் வேண்டும். குறைந்தால் சட்டென்று திரும்பும், ஆனால் முன்சக்கரம் அலைபாயும்.

உங்கள் வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1,330 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள், 150 சிசியில் பெரும்பாலும் அந்தச் சுற்றுதான். பின்னால் 40 கிலோ ஏற்றிப் பின்பக்கம் 25 மி.மீ. இறங்கினாலே தண்டு 1 பாகைக்குக் கொஞ்சம் மேல் பின்னோக்கிச் சாய்ந்து ட்ரெயில் கூடிவிடும். மூட்டை பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்கினால் முன்பக்கத்தின் பாரமும் குறையும். அதனால்தான் திரும்ப மறுக்கிறது. அதை ஈடுகட்ட முன்னால் 10 ஏற்றினீர்கள். அது திருப்பிக் கொடுப்பது 0.4 பாகைதான், நோயில் பாதிகூட இல்லை. ஆனால் மூட்டையை இறக்கியதும் அந்த 0.4 பாகை முழுசாகத் தப்புப் பக்கம், அதாவது ட்ரெயில் குறையும் பக்கம், நிற்கிறது. அதோடு இடம் வலம் 3 மி.மீ. வித்தியாசம், தேய்ந்த கோன் செட் (ஹேண்டில் தண்டு சுழலும் பேரிங்). உதறாமல் என்ன செய்யும்?

நடுவில் சிக்குகிறது என்றால் கோன் செட்டின் குண்டுகள் கிண்ணத்தில் குழி பறித்துவிட்டன என்று பொருள். கிரீஸ் வைத்தால் அது போகாது, மாற்றத்தான் வேண்டும்.

பெகு தம்பிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் 8 மி.மீ. உங்களுக்குச் சரியாகவே இருக்கலாம், காலி வண்டி, சமவெளி. மலைக்கு அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பெகு பையன்

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. ரங்கூனில் 2003-இல் பைக்குக்குத் தடை வந்த பிறகு நான் ஓட்டுவதெல்லாம் பெகு பக்கம்தான், பெரிய வளைவே கிடையாது. சுமை பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் மட்கார்டை இப்போதே போய்ப் பார்க்கிறேன்.

மலைப்பாதை

அண்ணே, பட்டறைக்குத் திரும்பப் போக மனமில்லை. நானே இறக்கலாமா? டார்க் ரெஞ்ச் மச்சானிடம் இருக்கிறது.

பட்டறை அண்ணன் (மோல்மேன்)

தாராளமாக. சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுங்கள். முன்சக்கரம் தரையை லேசாகத் தொட்டால் போதும். முதலில் அச்சைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் ஃபோர்க்கின் இரண்டு காலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நகராது. அப்புறம் மேல் பிளேட் போல்ட் இரண்டு, கடைசியாகக் கீழ் பிளேட் போல்ட். நான்கையும் ஒரே நேரத்தில் முழுசாக விட்டுவிடாதீர்கள், வண்டி மூக்குக் குப்புற விழும். கீழ் போல்ட் லேசாகப் பிடித்திருக்கும்போதே குழாயை முறுக்கி முறுக்கி இரண்டு மூன்று மி.மீ.யாக, இடம் ஒரு தடவை வலம் ஒரு தடவை என்று இறக்குங்கள். குழாயின் விளிம்பு மேல் பிளேட்டோடு சமமாக வருவதுதான் பல வண்டியில் கம்பெனி அளவு, உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். டார்க்கும், அதாவது போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவும், அதிலேயே இருக்கும். கைப்பலத்தை நம்பி இறுக்கினால் பிளேட் விரிசல் விடும், அந்த விரிசல் கண்ணுக்கே தெரியாது.

கீழ், மேல் என்று இறுக்கிய பிறகு ஜாக்கியை எடுத்துவிட்டு, முன்பிரேக் பிடித்து ஃபோர்க்கை ஏழெட்டுத் தடவை அமுக்குங்கள். கால்கள் தாமாக நேருக்கு வரும். அதற்குப் பிறகுதான் அச்சின் சின்ன போல்ட். பிரேக் ஓஸ் இழுபடுகிறதா என்று ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள்.

பின்னால் ஷாக்கின் ஸ்பிரிங் இறுக்கம் எந்தப் படியில் இருக்கிறது? அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஏதாவது ஒரு போல்ட் வரை, சக்கரம் தூக்கிய நிலையில், நீங்கள் உட்கார்ந்து, மூட்டையோடு உட்கார்ந்து என்று மூன்று முறை அளந்து எழுதுங்கள்.

மலைப்பாதை

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். கோன் செட் கிடைக்கத் தாமதமாகிவிட்டது.

ஷாக் ஏழு படியில் இரண்டாவதில் இருந்தது. சக்கரம் தூக்கியபோது 540, நான் உட்கார்ந்தால் 503, மூட்டையோடு 472. அண்ணன் 25 என்றார், என் வண்டியில் 31 இறங்கியிருக்கிறது. ஐந்தாம் படியில் வைத்து, மூட்டையை இரண்டாகப் பிரித்துப் பொதி மாதிரி சீட்டின் இரு பக்கமும் தொங்கவிட்டேன். இப்போது மூட்டையோடு 489.

பழைய கிண்ணத்தை எடுத்துப் பார்த்தேன். விரல் நகத்தை ஓட்டினால் வரிசையாகக் குழிகள் தட்டுப்படுகின்றன, மணி கோத்த மாதிரி. மேசையில் வைத்திருக்கிறேன், தூக்கிப்போட மனம் வரவில்லை.

ஃபோர்க்கைச் சமமாகவே வைத்து நேற்று ஏறினேன். 21 மைலில் அந்த வலது வளைவில் என் தடத்தின் நடுவிலேயே திரும்பினேன். ஹேண்டிலை அழுத்தவே இல்லை, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தேன், வண்டி போயிற்று. இறங்கும்போது 70-இல் ஒரு கையைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன், உதறல் இல்லை. ஆனால் மூன்றாம் வளைவில் காலி வண்டி கொஞ்சம் சட்டென்று உள்ளே விழுகிற மாதிரி இருந்தது.

பட்டறை அண்ணன் (மோல்மேன்)

ரொம்ப சந்தோஷம் தம்பி. கையைத் தளர்த்திப் பார்க்கிற வேலை மட்டும் இனி வேண்டாம்.

உள்ளே விழுவது ஐந்தாம் படியால். காலி வண்டியில் பின்பக்கம் உயர்ந்து நிற்கிறது, அது முன்னால் குழாயை ஏற்றியதற்குச் சமம். மலை மேலே போய் மூட்டையை இறக்கியதும் கொக்கி ஸ்பேனரால் மூன்றாம் படிக்குத் திருப்புங்கள், இரண்டு நிமிட வேலை. பின்டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் முதலில் அடம்பிடித்து அப்புறம் விழும், அதையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும் என்று தோன்றினால், ஃபோர்க்கை 3 மி.மீ. ஏற்றுங்கள், மட்கார்டு இடைவெளியை அளந்த பிறகு.

மலைப்பாதை

பின்டயர் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் தட்டை, அண்ணே. வியாழக்கிழமை மாற்றுகிறேன். கொக்கி ஸ்பேனரை மூட்டைக் கயிற்றோடு சேர்த்தே கட்டி வைத்துவிட்டேன்.