பிடித்த குழு தடம் மாறிய பிறகும் அதன் பழைய பாடல்களை முழு மனத்தோடு கேட்க முடியுமா?

அல்சூர்வாசி:
பெங்களூரில் ராக் இசை கேட்டு வளர்ந்த தமிழர்கள் இங்கே பலர் இருப்பதால் இதைக் கேட்கிறேன். மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவின் முதல் நான்கு ஆல்பங்கள், அதாவது 1983 முதல் 1988 வரை வந்தவை, எனக்கு உயிர். பிரிகேட் சாலையில் வாங்கிய கேசட்டுகளை நாடா தேயும் வரை கேட்டிருக்கிறேன். ஆனால் 1991-இல் வந்த கருப்பு ஆல்பத்தில் வேகம் குறைந்து, பாடல்கள் சுருங்கி, எல்லாம் வானொலிக்கு ஏற்றபடி பளபளப்பாகிவிட்டன. ரசிகர்கள் இணையத்தில் பாடல்களை இலவசமாகப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் மீது 2000-இல் வழக்கும் தொடுத்தார்கள். முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே அவர்களின் பெயரை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது ரசிகர்கள் நகலெடுத்துக் கைமாற்றிக்கொண்ட கேசட்டுகள்தான் என்பதை அறிந்த எவருக்கும் அது மனத்தை அறுக்கும். இப்போது 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தின் 'ஓரியன்' கேட்க உட்கார்ந்தால்கூட இவையெல்லாம் குறுக்கே வந்து நிற்கின்றன. வேண்டாம் என்றால் முழுவதுமாக விட்டுவிட வேண்டும், பழையதை மட்டும் பொறுக்கி ரசிப்பது நேர்மையல்ல என்கிறார் அலுவலக நண்பர் ஒருவர். நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்?

நாலுதந்தி:
'ஓரியன்' பற்றிச் சொன்னதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். நான் பேஸ் கிதார் வாசிப்பவன். அந்தப் பாடலில் ஏறத்தாழ நான்காவது நிமிடத்தில் மற்ற எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் நிதானமாக நடக்கத் தொடங்கும். அதன் மேல் கிதார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்து, இரண்டு குரல்கள் இணைந்து பாடுவதுபோல் மேலே ஏறும். ஆறரை நிமிடத்தைத் தாண்டியதும் வரும் தனி வாசிப்பைப் பலர் கிதார் என்றே நினைத்திருக்கிறார்கள். அதுவும் குழுவின் அப்போதைய பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டனின் பேஸ்தான். மேற்கத்தியச் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் இசையை ஊன்றிக் கேட்டவர் அவர். அந்தப் பயிற்சி இந்த அடுக்குகளில் தெளிவாகத் தெரிகிறது. அந்த ஆல்பம் வெளிவந்த 1986-ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் மாதம், சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் 24 வயதில் அவர் இறந்துபோனார். 1991-இல் நடந்ததற்கும் 2000-இல் நடந்ததற்கும் அவரை எப்படிப் பொறுப்பாக்க முடியும்? நீங்கள் கேட்பது அந்த நால்வர் அந்த ஆண்டில் செய்து முடித்த வேலையை. பின்னால் வந்த எந்த முடிவும் அதில் ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை. உங்கள் நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

காக்ஸ்டவுன் ரசிகை:
நாலுதந்தி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பணத்துக்காகத்தான் மாறினார்கள் என்ற குற்றச்சாட்டையே நான் சந்தேகிக்கிறேன். 1984-இல் 'ஃபேட் டு பிளாக்' அகூஸ்டிக் கிதாருடன் தொடங்கியபோதே இதே புகார் எழுந்தது. 1989-இல் முதன்முறையாக ஒரு பாடலுக்கு வீடியோ எடுத்தபோதும் எழுந்தது. அல்சூர்வாசி ஐயா உயிர் என்று சொல்லும் அந்த நான்கு ஆல்பங்களுக்குள்ளேயே இந்த இரண்டும் அடக்கம். 1988 ஆல்பத்தின் தலைப்புப் பாடல் ஒன்பதரை நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது; பேஸ் கிதார் காதில் விழவே இல்லை என்னும் அளவுக்கு அதன் ஒலிக்கலவை வறண்டது. அந்தத் திசையில் போக வேண்டிய தூரம் முழுவதையும் போய்விட்ட ஒரு குழு, பாப் ராக் என்ற தயாரிப்பாளரை அழைத்துச் சுருக்கமான, கனமான பாடல்களைச் செய்ய விரும்பியது எனக்கு இயல்பாகவே படுகிறது. அது கோடிக்கணக்கில் விற்றது என்பதாலேயே விற்பனைக்காகச் செய்யப்பட்டது என்று ஆகிவிடாது. நாப்ஸ்டர் வழக்கில் மட்டும் உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு.

சாமராஜபேட்டை:
கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தின் ராமநவமிக் கச்சேரிகளில் நானும் ஒரு முதியவன். ஒரு வித்வானின் இளமைக் காலப் பாட்டை விரும்பிப் பிற்காலத்துப் பாட்டை விரும்பாத ரசிகர்கள் எங்களிடையே எப்போதும் உண்டு. அவர்களை நேர்மையற்றவர்கள் என்று எவரும் சொன்னதில்லை. உங்கள் இசையை என் பேரன் வழியாகச் சிறிதளவே கேட்டிருக்கிறேன், தம்பி.

அல்சூர்வாசி:
அனைவருக்கும் நன்றி. கருப்பு ஆல்பத்தைப் பற்றி ரசிகை அவர்களோடு நான் இன்னும் உடன்படவில்லை. அதில் குறைந்தது நீளம் மட்டுமல்ல, துணிச்சலும்தான் என்பதே என் எண்ணம். 2011 அக்டோபர் 30 அன்று அரண்மனை மைதானத்துக்கு அவர்கள் வந்தபோது ஊரே திரண்டது. நான் பிடிவாதமாகப் போகவில்லை. அதற்காக இன்றும் வருந்தவில்லை. ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது: பழைய ஆல்பத்தை இன்று காசு கொடுத்து வாங்கினால் அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

நாலுதந்தி:
2012-இன் இறுதியில் தங்கள் மூல ஒலிப்பதிவுகளின் உரிமையைக் குழுவே பெற்றுக்கொண்டு, பிளாக்கண்ட் ரெக்கார்டிங்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியது. எனவே பெரும்பகுதி இன்றைய மெட்டாலிகாவுக்குத்தான் போகும். அது உறுத்தினால் பழைய இசைத்தட்டுக் கடைகளில் தேடுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: கிளிஃபின் பங்குக்கு வந்த உரிமைத்தொகையை அவருடைய தந்தை ரே பர்ட்டன், மகன் படித்த பள்ளியின் இசை மாணவர்களுக்கு உதவித்தொகையாகக் கொடுத்துவந்தார். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தை நான் காசு கொடுத்து வாங்கியதே அதைப் படித்த பிறகுதான்.