கிட்டார் சத்தம் மைலோ டின் மாதிரி வருகிறது: கம்பியா, கையா?

ஆயர்ஈத்தாம்வாசி:
வணக்கம். அடுத்த மாதம் அக்கா கல்யாணம், பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபம். சாப்பாட்டு நேரத்தில் நான் கிட்டார் வாசிக்க, தம்பி பாடுவதாக வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். இரும்புக் கம்பி போட்ட சாதாரண அகௌஸ்டிக் கிட்டார், வாங்கி மூன்று வருடம். போன வாரம் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டேன். காலி மைலோ டின்னைக் கரண்டியால் தட்டியது போல் இருக்கிறது. 45 வெள்ளி கொடுத்துப் புதுக் கம்பி மாட்டினேன். இன்னும் கொஞ்சம் கீச்சென்று ஆனதுதான் மிச்சம். கடைக்காரர், பினாங்கு ஈரக்காற்றில் பலகை கெட்டிருக்கும், வேறு வாங்குங்கள் என்கிறார். ஆனால் அதே கிட்டாரைத் தம்பி எடுத்து வாசித்தால் சத்தம் குண்டாக, நன்றாக வருகிறது. எனக்கு எரிச்சலே அதுதான்.

பிறைமாமா:
கடைக்காரர் பேச்சை விடுங்கள் தம்பி. ஈரம் ஏறினால் பலகை உப்பும், கம்பி உயரும், சத்தம் மந்தமாகும், கீச்சென்று ஆகாது. அதோடு, உங்கள் தம்பி வாசித்தால் நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் பலகை மேல் என்ன பழி? புதுக் கம்பி எப்போதும் பழையதைவிடப் பளீரென்றுதான் இருக்கும், அதனால் கூடிற்று. ஒன்று சொல்லுங்கள்: வலது கை எங்கே விழுகிறது? துளைக்கு மேலா, பலகையில் கம்பியைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜ் பக்கமா?

ஆயர்ஈத்தாம்வாசி:
இதுவரை கவனித்ததே இல்லை அண்ணே. இப்போது பார்த்தேன். பிரிட்ஜிலிருந்து மூன்று விரல் தள்ளி. உள்ளங்கை ஓரம் சில சமயம் பிரிட்ஜிலேயே உரசுகிறது.

பிறைமாமா:
கிடைத்துவிட்டது. கம்பி ஒரே ஆட்டம் ஆடுவதில்லை. முழு நீளத்துக்கும் ஆடும்போதே இரண்டு பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும் சேர்ந்து ஆடுகிறது. முழு ஆட்டம் அடிச்சுரம், மற்றவை மேற்சுரங்கள். நாம் மீட்டுகிற இடத்தில் எந்த ஆட்டம் அசையாமல் நிற்குமோ அது எழும்பாது. தடித்த ஆறாம் கம்பியை மட்டும், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளில் (ஃப்ரெட்) 12ஆவதுக்கு மேலே, சரிபாதியில் மீட்டிப் பாருங்கள். இரட்டைப்படை மேற்சுரங்கள் எல்லாம் விடுபட்டு, கிளாரினெட் போல, உள்ளே காலியான ஒரு சத்தம் வரும். பிறகு அதே பலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகருங்கள். பிரிட்ஜை நெருங்க நெருங்க அடிச்சுரம் மெலியும், உச்சியில் உள்ளவை முன்னே வந்து நிற்கும். அதுதான் உங்கள் மைலோ டின்.

உங்கள் கிட்டாரில் கம்பி நீளம் 645 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். அதில் கால்வாசி 160, ஏறக்குறைய துளையின் நடு. நீங்கள் அடிப்பதோ 50இல், பதின்மூன்றில் ஒரு பங்கு! அங்கே கம்பி விறைப்பாக வேறு இருக்கும். விறைக்கிறதே என்று கை ஓங்கி அடிக்கும், மீட்டுகிற பிக் துண்டு உரசும் சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

கோப்பிக்கடைபாஸ்:
இதற்கு இவ்வளவு கணக்கா? ஓட்டையில்தானே சத்தம் வருகிறது, ஓட்டைக்கு நேராக அடி, முடிந்தது லா.

பிறைமாமா:
பாஸ், அடிக்கச் சொன்ன இடம் சரி, காரணம் தப்பு. பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கம் துளை வழியே உறுமுவது உண்மை, பாட்டில் வாயில் ஊதுகிற மாதிரி. ஆனால் பெரும்பாலான சத்தம் மேல்பலகை அதிர்ந்து வருவது; பலகையை ஆட்டுவது பிரிட்ஜ். துளையை ஒரு அட்டையால் மூடிவிட்டு அடித்துப் பாருங்கள். கீழ்ச்சத்தம் குறையும், ஆனால் கையை நகர்த்தினால் வருகிற வித்தியாசம் அப்படியே இருக்கும்.

வீணைக்காரி:
பிரிட்ஜ் பக்கத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். வீணையிலும் மீட்டுகிற இடத்தை மாற்றித்தான் நாதத்தை மாற்றுகிறோம். தம்பி பாடும்போது துளையின் கழுத்துப் பக்க விளிம்பில் வாசியுங்கள், குரலுக்கு இடம் கிடைக்கும். பாட்டு இல்லாத இடத்தில் இரண்டு விரல் பிரிட்ஜ் பக்கம் வந்தால், தட்டுச் சத்தத்துக்கு நடுவிலும் கிட்டார் கேட்கும். கல்யாணப் பந்தியில் மெல்லிய நாதத்தை யார் கேட்கப் போகிறார்கள், சாம்பார் வாளிதான் ஜெயிக்கும்.

ஆயர்ஈத்தாம்வாசி:
இரண்டு நாள் பழகினேன். பென்சிலால் சின்ன ஒட்டுத்தாள் துண்டில் கோடு போட்டு, துளையின் நடுவுக்கு நேராக அதன் ஓரம் ஒட்டினேன். சத்தம் மாறிவிட்டது, அம்மாவே சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கேப்போ கிளிப்பை 5ஆவது ஃப்ரெட்டில் மாட்டினால் அதே கோட்டில் அடித்தும் சத்தம் மொழுமொழுவென்று ஆகிறது. இரண்டு, இரண்டாம் பாட்டுக்குள் கை தானாகப் பிரிட்ஜ் பக்கம் ஓடிவிடுகிறது.

பிறைமாமா:
கேப்போ 5இல் இருந்தால் ஆடுகிற கம்பி 645இலிருந்து 483 ஆகிவிடும். பழைய கோடு இப்போது கால்வாசி அல்ல, மூன்றில் ஒரு பங்கு. நான்கு சென்டிமீட்டர் பிரிட்ஜ் பக்கம் வாருங்கள், பழைய குணம் திரும்பும். கை ஓடுவதற்கு, எதில் உட்கார்ந்து வாசிக்கிறீர்கள்?

ஆயர்ஈத்தாம்வாசி:
ஹாலில் இருக்கும் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில். தம்பி கட்டில் ஓரத்தில். அட!

பிறைமாமா:
அதேதான். நாற்காலியின் வலது கை கிட்டாரின் அடிப்பக்கத்தை முட்டி, கிட்டாரை இடது பக்கம் தள்ளுகிறது. உங்கள் முழங்கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கிட்டார்தான் நகர்ந்து போகிறது. மண்டபத்தில் மைக் வைத்தால் துளைக்கு நேராக வேண்டாம், ஊளையிடும். 12ஆவது ஃப்ரெட்டைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஆயர்ஈத்தாம்வாசி:
சமையலறை முக்காலியில் உட்கார்ந்து ஆறு பாட்டு வாசித்தேன், கை ஓடவில்லை. மண்டபத்துக்குப் போன் போட்டுக் கை இல்லாத நாற்காலி ஒன்று வேண்டும் என்றேன். எல்லாமே கை வைத்ததாம். முக்காலியை அக்காவின் சீர்வரிசையோடு காரில் ஏற்றப் போகிறேன், தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை.