தளை தட்டாத வெண்பாவில் உயிர் இல்லை: வழி கேட்கிறேன்

இரண்டு ஆண்டுகளாக நேரிசை வெண்பா (இரண்டாம் அடியின் இறுதியில் தனிச்சொல் பெறும் நான்கடி மரபுப்பா) எழுதிப் பழகுகிறேன். இலக்கணம் கைவந்த பின்னும் என் பாடல்கள் கவிதையாகவில்லை.

சென்ற மாதம் திருச்சியில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, ‘மழைநின்ற பிறகும் மரத்தடியில் தூறல்’ என்ற அடி தானாக வந்தது. காய்முன் நிரை வருவதால், அதாவது ‘மழைநின்ற’ என்ற காய்ச்சீரை அடுத்து நேரசை வராமல் நிரையசை வருவதால், அதில் தளை (சீர்கள் இணையும் ஒழுங்கு) தட்டியது. ‘பிறகும்’ என்பதைப் ‘பின்னும்’ என்று மாற்றியதும் சரியாயிற்று, அடியும் கெடவில்லை. சிக்கல் அடுத்த அடியில்தான் தொடங்கியது. இழை, தழை, குழை என்று எதுகைகளைத் துழாவி, நான் கண்ட காட்சியோடு ஒட்டாத ‘குழைந்து’ என்ற சொல்லைத் தனிச்சொல்லாக வைத்தேன். அதன்பின் சொல் இழுத்த பக்கமெல்லாம் பொருள் போயிற்று. ஈற்றுச்சீர் வெண்பாவுக்குரிய ‘மலர்’ வாய்பாட்டில் ஒழுங்காக முடிந்தது, மழைதான் பாட்டில் இல்லை.

யாப்பருங்கலக்காரிகை என்ற யாப்பிலக்கண நூலை உரையோடு படித்துவிட்டேன். நளவெண்பாவில் நாள்தோறும் ஒரு பாடலைச் சீர் பிரித்து, வெண்பாவுக்குரிய செப்பலோசை பிடிபடும்வரை வாய்விட்டுப் படிக்கிறேன். யாப்பைச் சரிபார்க்கும் அவலோகிதம் மென்பொருளில் இட்டுப் பார்த்தால் பிழை எதுவும் காட்டுவதில்லை. உள்ளக்கிளர்ச்சி வரட்டும் என்று மூன்று மாதம் எழுதாமலும் இருந்து பார்த்தேன். வந்தவை ஒற்றை அடிகளே. (புதுக்கவிதைக்கு மாறச் சொன்ன நண்பர்களுக்கு நன்றி, அது என் கேள்வி அன்று.)

வெண்பா எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: இப்படித் தானாக வந்த ஓர் அடியை முதலடியாகவே வைத்து வளர்க்கிறீர்களா, ஈற்றடிக்குக் கொண்டுபோய் மேலே மூன்றடிகளைக் கட்டுகிறீர்களா?