ஆர் மொழியின் பணிவெளியில் நமக்குத் தெரியாமல் தங்கிப்போன பொருள்கள்: அனுபவப் பகிர்வு

வணக்கம். வீட்டுக் கணக்கெடுப்பு ஒன்றில் தரவுச் சரிபார்ப்பு என் பொறுப்பாக இருந்தது. பத்துக் களப்பணியாளர்கள் ஆளுக்கு 20 படிவங்கள் கொடுப்பார்கள். நாள்தோறும் 1 முதல் 200 வரை வரிசை எண் இட்டு வரும் அந்தப் படிவங்களில் 30 எண்களை, புள்ளியியல் கணக்குகளுக்கான நிரல்மொழியான ஆர் மொழியின் குலுக்கலில் எடுத்து, அந்த வீடுகளுக்கு மட்டும் மறுபடி ஆளனுப்பிக் கேட்டு ஒப்பிடுவோம். மூன்று வாரம் கழிந்தபின் களப்பணியாளர்களில் ஒரு பெண் என்னிடம் வந்து, "அக்கா, என் படிவங்களில் தினமும் மூன்றாவதும் பதினொன்றாவதும்தானே எடுக்கிறீர்கள், அது ஏன்?" என்று கேட்டார். முந்தின நாள் பட்டியலை எடுத்து அன்றைய பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பது எண்களும், வந்த வரிசைகூட மாறாமல், ஒன்றாகவே இருந்தன.

என் நிரலின் முதல் வரியே பணிவெளியை, அதாவது நாம் உருவாக்கும் பொருள்களை ஆர் மொழி வைத்திருக்கும் இடத்தை, துடைக்கும் வரிதான். எல்எஸ் கட்டளை தரும் பெயர்ப்பட்டியலை அப்படியே ஆர்எம் கட்டளையிடம் கொடுத்து அனைத்தையும் அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். அதனால் பழையது எதுவும் மிஞ்சியிருக்காது என்று முழுமையாக நம்பியிருந்தேன். ஆனால் புள்ளியில் தொடங்கும் பெயர்களை எல்எஸ் தானாகக் காட்டாது. மறைந்திருப்பவற்றையும் காட்டு என்று தனியாகக் கேட்டால்தான் காட்டும். அப்படிக் கேட்டபோது ஒரே ஒரு பொருள் வெளிப்பட்டது. குலுக்கல் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் குறித்து வைக்கும் 626 முழு எண்களின் வரிசை அது. வழக்கமாக அந்த வரிசை இல்லாதபோது ஆர் மொழி நேரத்தைக் கொண்டு புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். முன்பே இருந்தால் இருப்பதையே எடுத்துக்கொள்ளும்.

அது எப்படி அங்கே வந்தது என்பதும் விளங்கிற்று. ஆர் மொழியை மூடும்போது பணிவெளியைச் சேமிக்கவா என்று கேட்கும் கேள்விக்கு நான் எப்போதும் வேண்டாம் என்றே சொல்வேன். முதல் வாரத்தில் ஒரு நாள் மட்டும், நீண்ட கணக்கு ஒன்றை இழக்க மனமின்றி, ஆம் என்று சொல்லியிருந்தேன். அன்று அந்தக் கோப்புறையில் உருவான ஆர்டேட்டா கோப்பு, அதன்பின் ஒவ்வொரு காலையும் தானாகத் திறந்து, சேமித்த நாளின் எண்வரிசையையே கூடவே மீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த நாள்களில் சேமிக்க வேண்டாம் என்று நான் சொன்னதால் அந்த எண்வரிசை மாறவும் இல்லை. எந்தப் படிவம் சரிபார்ப்புக்குப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடிய நிலையில் செய்த சரிபார்ப்பைச் சரிபார்ப்பு என்று அறிக்கையில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. எனவே அத்தனை நாள்களின் படிவங்களுக்கும் புதிதாகக் குலுக்கி எடுத்து வீடுகளுக்கு மறுபடி ஆளனுப்பினோம். இப்போது அன்றைய தேதியையே, 20240611 என்பதைப் போல ஓர் எண்ணாக, நிரலில் குலுக்கலின் தொடக்கமாக எழுதிவிடுகிறேன். நாளுக்கு நாள் பட்டியல் மாறுகிறது. யார் கேட்டாலும் அதே பட்டியலை மறுபடி எடுத்துக் காட்டவும் முடிகிறது.

*

சகோதரியின் பதிவைப் படித்தபோது என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் நினைவுக்கு வந்தது. விளைச்சல் அட்டவணையில் சில வரிகளில் எண்ணுக்குப் பதிலாக "இல்லை" என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பழைய ஆர் பதிப்புகள் இத்தகைய பத்தியைத் தாமாகவே ஃபேக்டராக, அதாவது ஒவ்வொரு மதிப்பையும் ஒரு வகையாகக் கொள்ளும் வடிவமாக, மாற்றிவிடும். அதை நேரடியாக எண்ணாக்கினால் விளைச்சல் கிடைக்காது. வகைகளின் வரிசை எண்களான 1, 2, 3 என்பவைதாம் கிடைக்கும், அதுவும் எச்சரிக்கை ஏதுமின்றி. 2020இல் வந்த 4.0.0 பதிப்பு இந்த இயல்பை மாற்றிவிட்டது. நானும் அந்தப் பதிப்புக்கு மாறியிருந்தேன். ஆனால் கோப்பைப் படிக்கும் வரி நேரம் பிடிக்கிறது என்று அதை முடக்கி வைத்துவிட்டு, பழைய பதிப்பில் உருவான அட்டவணையைப் பணிவெளியிலிருந்தே இரண்டு ஆண்டுகள் எடுத்தாண்டுகொண்டிருந்தேன். என் நெறியாளர் தம் கணினியில் அந்த வரியை மீட்டு நிரலை ஓட்டியபோது, "இல்லை" இருந்த இடங்களுக்கு எச்சரிக்கையும், மற்ற இடங்களில் உண்மையான விளைச்சலும் அவருக்கு வந்தன. அந்த அத்தியாயத்தின் சராசரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. முழுவதையும் திரும்ப எழுத நான்கு மாதங்கள் ஆயின.

*

நான் ஆர் மொழிக்கு முன்னோடியான எஸ் மொழியில் பழகி ஆர் மொழிக்கு வந்தவன். 1976இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய எஸ், உருவாக்கிய பொருள்களை வட்டில் கோப்புகளாகவே வைத்திருக்கும். நாம் அழிக்கும்வரை அவை இருக்கும். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர், எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மூடும்போது மட்டும் சேமிக்கவா என்று கேட்கிறது. பழைய வழக்கத்தால் அந்தக் கேள்விக்கு ஆம் என்றே நான் பல்லாண்டுகள் விடையளித்துவந்தேன்.

எனக்கு இழப்பு நேர்ந்தது வேறு வழியில். உடன் பணிபுரிந்தவர் அனுப்பிய ஆர்டேட்டா கோப்பில் எனக்கு ஒரே ஓர் அட்டவணைதான் தேவைப்பட்டது. லோட் கட்டளை கொடுத்ததும் கோப்பில் இருந்த அத்தனை பொருள்களும் தத்தம் பெயர்களோடு என் பணிவெளியில் வந்து இறங்கின. நாங்கள் இருவருமே எங்கள் புள்ளியியல் மாதிரிகளுக்கு (மாடல்) ஃபிட் என்றே பெயரிட்டிருந்தோம். இரவெல்லாம் ஓடி முடிந்திருந்த என் ஃபிட், ஒரு வார்த்தை கேட்காமல் அழிந்து, அவருடையது அந்த இடத்தில் அமர்ந்துவிட்டது. அவருடைய குணகங்களை என்னுடையவை என்று எண்ணி ஒரு படம்கூட வரைந்துவிட்டேன். படத்தின் அச்சுக்கோட்டில் இருந்த ஆண்டு பொருந்தாததால்தான் தெரிந்தது.

அதன்பிறகு பிறர் தரும் ஆர்டேட்டா கோப்பை, என் பணிவெளியோடு கலக்காத ஒரு தனிச் சூழலுக்குள் திறந்து, உள்ளே என்னென்ன பெயர்கள் உள்ளன என்று பார்த்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் அனுப்புவதாக இருந்தால் சேவ்ஆர்டிஎஸ் கட்டளையால் ஒரு கோப்புக்கு ஒரு பொருளாகச் சேமித்து அனுப்புகிறேன். அதைத் திறப்பவர் எந்தப் பெயரில் வைத்துக்கொள்வது என்பதைத் தாமே முடிவு செய்கிறார். ஆர் மொழியில் வேலை செய்யப் பயன்படும் ஆர்ஸ்டூடியோ செயலியில், தொடங்கும்போது பழைய பணிவெளியை மீட்கும் தேர்வை நீக்கியும், மூடும்போது ஒருபோதும் சேமிக்காதே என்பதைத் தேர்ந்தும் வைத்திருக்கிறேன். முதல் பதிவை எழுதிய சகோதரிக்கு ஒரு விண்ணப்பம்: அந்தக் கோப்புறையில் பழைய ஆர்டேட்டா கோப்பு இன்னும் இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.