புதுப்பிப்பு: தோள்மூட்டு வலி, பிசியோவுக்குப் பிறகு

மாரிக்கு முன்னர் இங்கே எழுதியிருந்தேன்: கொடியில் உடுப்புப் போடக் கையை உயர்த்தினால் வலது தோளில் சுள்ளென்று குத்துகிறது, அந்தப் பக்கம் சரிந்து படுக்கவும் முடியவில்லை என்று. எண்ணெய் பூசு, ஊசி போடு என்று பலரும் சொன்னீர்கள். இப்போது நிலைமை பரவாயில்லை. கிணற்றில் அள்ளுவது மட்டும் இன்னும் மகன்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பிசியோவிடம் (பயிற்சி மூலம் வலியைக் குறைக்கும் இயன்மருத்துவர்) காட்டினேன். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார். 60 பாகையளவில் தொடங்கிய வலி 120 தாண்டியதும் விட்டது. தோள் எலும்பின் கூரைக்குக் கீழே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் உறுத்தப்படுவதன் வழக்கமான அடையாளமாம் அது.

அவர் தந்த முக்கிய பயிற்சி ரப்பர் பட்டிதான். முழங்கையை விலாவோடு ஒட்டி, இரண்டுக்கும் நடுவில் மடித்த துவாயை வைத்து, பட்டியை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். இழுப்பதை விட, மெல்ல மெல்ல விட்டுக்கொடுப்பதில்தான் வேலை இருக்கிறது. துவாய் விழுந்தால் தோள் கள்ளம் செய்கிறது! அப்புறம் பட்டியை யன்னல் கம்பியில் கட்டிப் பின்னால் இழுப்பது, சுவரில் கையை மேலே வழுக்குவது.

"அண்ணை, நோவுக்குப் பத்துக்குப் புள்ளி போட்டா, நாலு வரைக்கும் நோகலாம். அடுத்த நாள் காலமை கூடியிருந்தா குறையுங்கோ" என்றார்.

சத்திரசிகிச்சை பற்றிக் கேட்டவர்களுக்கு: 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரித்தானிய ஆய்வில், தோள் எலும்பு செதுக்கப்பட்ட நோயாளிகளுக்கும், தோளுக்குள் கமராவை மட்டும் விட்டுப் பார்க்கப்பட்ட நோயாளிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

விழுந்து அடிபட்டு, கையைத் தூக்கவே முடியாதவர்கள் இதைப் பார்த்துச் செய்யாதீர்கள். முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.