பதில்: ஓஃப்சைட்டுக்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம். கொழும்புப் பிள்ளைகளுக்கான உதைபந்தாட்டக் கையேட்டில், எதிரணியினரை முந்தி நிற்பதைப் பற்றிய ஓஃப்சைட் விதிக்கு எந்தத் தமிழ்ச்சொல்லைப் போடுவது என்று கேட்டிருந்தேன். வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> அகம், புறம் என்ற மரபு இருக்க வேறு எங்கே தேடுவது? புறநிலை.

ஐயா, மரபு சரி. ஆனால் பிள்ளைகளுக்குப் புறம் என்றால் வெளியே. ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனிடம் இந்தச் சொல்லை எழுதிக் காட்டினேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "த்ரோ-இன்னா சேர்?" என்றான், பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் எறிவதுதான் அவனுக்கு நினைவு வந்தது. புறமுதுகு என்று போனால் இன்னும் பிழை, ஓஃப்சைட்டில் நிற்பவன் பின்வாங்கியவன் இல்லை, முந்திக்கொண்டவன். அதனால்தான் நான் முந்துநிலை பக்கம். முந்து புதுச்சொல்லும் இல்லை, முந்துநூல் என்று தொல்காப்பியப் பாயிரத்திலேயே இருக்கிறது.

> முந்துநிலை வினைத்தொகை. காலம் மறைந்துவிடும், இந்த விதிக்கு உயிரே காலம்தான்.

தங்கச்சி, இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. உண்மைதான், சக வீரன் பந்தை உதைக்கும் கணத்தில் எங்கே நின்றான் என்றுதான் பார்க்க வேண்டும், பந்து அவனிடம் வந்து சேரும்போது அல்ல. ஆனாலும் ஊறுகாய் என்றதும் ஊறியதா, ஊறுமா என்று எவரும் குழம்புவதில்லையே. கணத்தை விளக்கத்தில் எழுதுவோம்.

எனக்குப் பெரிய விஷயம் வேறு. எதிரணியின் பாதியில், பந்தையும் கடைசிக்கு முதல் எதிரணி வீரரையும் விடக் கோல் கோட்டுக்குக் கிட்ட நிற்பது மட்டும் குற்றமில்லை, அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். மைதானத்தில் இரண்டையும் ஓஃப்சைட் என்றே கத்துகிறோம், பிள்ளைகள் தடுமாறுவதும் இங்கேதான். தமிழில் பிரித்துவிடலாம்: நிற்பது முந்துநிலை, தலையிடுவது முந்துநிலைக் குற்றம். சமமாக நின்றால் முந்தவில்லை, 1990இல் வந்த அந்தத் திருத்தத்தைச் சொல்லே விளக்கிவிடுகிறது. த்ரோ-இன், கோர்னர், கோல் கிக் மூன்றிலும் நேரே வரும் பந்தை வாங்கினால் குற்றமே இல்லை. அணிக்கு ஐவர் ஆடும் உள்ளரங்க ஆட்டமான ஃபுட்சாலில் இந்த விதியே கிடையாது.

ஓஃப்சைட் என்றே விடச் சொன்ன அண்ணாவுக்கு: கையேட்டில் கேள்வியின் தலைப்பில் அதையும் பக்கத்தில் போடுகிறேன், விடையில் தமிழ்ச்சொல் மட்டும். உதைபந்தாட்டமா கால்பந்தா என்ற வழக்கைத் தயவுசெய்து இதற்குள் கொண்டுவர வேண்டாம். கொழும்புப் பிள்ளைகளுக்கான கையேடு, உதைபந்தாட்டம்தான்.

இதுவரை முந்துநிலைக்கு ஐந்து பேர், ஓஃப்சைட்டுக்கு மூன்று பேர், புறநிலைக்கு ஐயா. வியாழன் காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஐயா, புதன் இரவு வரை பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன், எழுதுங்கள்.